ஒரே வாசலுக்கான படிப்பு

அக்கா,

இன்று காலைப் பூசை முடிந்து கோயில் மண்டபத்தின் பின்பக்கம் வந்தபோது குங்கிலியம் புகைவது போன்ற மணம் எழுந்தது. தூபக்கால் அணைந்து கிடந்ததைச் சற்றுமுன்தான் கண்டிருந்தேன். மணம் வந்த திசையில் போனால், பயிற்சி மேசையருகே, நம் வகுப்பில் சேரக் காத்திருக்கும் கலா குனிந்து மின்பலகையில் ஈயம் பற்றவைத்துப் பழகிக்கொண்டிருந்தாள். அந்த ஈயக் கம்பிக்குள் ஒருவகைப் பிசின் உண்டு, சூடு பட்டால் கோயில் மணமாகவே புகையும் என்று நீங்கள்தான் முன்பு சொன்னீர்கள். மணம் அதுவேதான். ஆனால் அதை நுகர்ந்தபோது என் நெஞ்சு அடங்கவில்லை, நடுங்கியது.

நீங்கள் மறைந்தபின் நடந்ததைச் சொல்கிறேன். நாம் இருவரும் திட்டமிட்ட தொழிற்பயிற்சி வகுப்பு தொடங்கும் நிலைக்கு வந்துவிட்டது. பத்து காவான் தொழிற்பேட்டையிலுள்ள ஒரு தொழிற்சாலையிலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். இயந்திரங்களை அவர்களே தருவார்களாம். பயின்ற பெண்கள் அனைவரையும் அவர்களே வேலைக்கு எடுத்துக்கொள்வார்களாம். நிபந்தனை ஒன்றே. அவர்களுடைய மின்பலகை வேலையைத் தவிர வேறெதையும் அங்கே கற்பிக்கக் கூடாது. கோயில் நிர்வாகக் குழுவினர் இறையருள் என்று கைகூப்பினார்கள். என் கைகள் மடியைவிட்டு எழவில்லை.

தொழிற்சாலையில் பயிற்சிப் பிரிவை நடத்தி ஓய்வுபெற்ற நீங்கள், திட்டம் போட்ட நாட்களில் ஒருமுறை உச்சி வெயிலில் குடையோடு என்னைச் சூலியா தெருவுக்கு அழைத்துப் போனீர்கள். எந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கிறீர்கள் என்று கடை கடையாகக் கேட்டோம். சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர், "ரொட்டி போட ஆள் இருக்கு அக்கா. பிரிட்ஜ் கெட்டுப்போனா பாக்கத்தான் ஆளில்லை. போன் அடிச்சா நாளைக்கு வரேன்பான். நாளைக்கு போனே எடுக்க மாட்டான் லா" என்று அலுத்துக்கொண்டார். வெளியே வந்ததும் நீங்கள் சொன்னீர்கள்: "இதைத்தான் தங்கச்சி சொல்லிக் கொடுக்கணும். ஒருத்தர் கைவிட்டா இன்னொருத்தர் கூப்பிடணும். ஒரே கம்பெனி மட்டும் கூப்பிட்டா அது வேலை இல்லை. தயவு."

அந்தச் சொல்லின் பின்னே உங்கள் பழைய தொழிற்சாலை நின்றது. ஒரு பிரிவின் இயந்திரங்களையே கழற்றி வேறு நாட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். அந்த இயந்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு இயக்கத் தெரிந்த பெண்களுக்கு, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேறெந்தத் தொழிற்சாலையிலும் அப்படியோர் இயந்திரம் இல்லை. "நான் படிச்சதெல்லாம் கப்பல் ஏறிப் போயிடுச்சு அக்கா" என்று வாசலில் ஒருத்தி சொன்னாளாம். இதை எப்போது சொன்னாலும் அந்த இடத்தில் உங்கள் குரல் தாழ்ந்துவிடும்.

அஞ்செழுத்தை நம்பியவர்க்கு அச்சம் எதற்கு என்று அப்போது உங்களைத் தேற்றினேன். "நீ அஞ்செழுத்து ஓது. திட்டம் போடுறவங்க முதல் எழுத்துலேருந்தே அஞ்சணும்" என்றீர்கள். நல்ல சிலேடை என்று சிரித்தேன். நான் ஓதிவந்த பதிகங்கள் எல்லாம் அஞ்சாதே என்று அபயக்கரம் காட்டின. நீங்கள் ஒருவரே என்னை அஞ்சச் சொன்னவர். இன்று அந்த ஒப்பந்தத்தின் ஒவ்வோர் எழுத்திலும் அஞ்சுகிறேன்.

கலா லிட்டில் இந்தியாவில் சேலைக் கடையொன்றில் வேலைக்கு நிற்பவள். கணவர் இல்லாத வீட்டில் மகளும் மாமியாரும் உண்பது அவள் ஊதியத்தில். என் சொல்லை நம்பித்தான் அந்தக் கடை வேலையை விடத் துணிந்திருக்கிறாள்.

"கம்பெனி வேற ஊருக்குப் போயிட்டா என்னம்மா செய்வே?" என்று காலையில் அந்த மேசையருகே நின்று கேட்டேன்.

அவள் நிமிரவில்லை. "கடை மட்டும் நிக்குமாம்மா? முதலாளி மகன் போன்லயே சேலை காட்டி விக்கிறான். நான் மடிச்ச சேலையையே மறுபடி மடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"அதுக்கில்லை, கொஞ்சம் பொறுத்து..."

"பதிகம் பாடுற வாயாலேயே பயமுறுத்துறீங்க லா."

நண்பகலில் குழு கூடியது. இயந்திரங்களை ஏற்போம், ஆயினும் அதே பெண்களுக்கு மாலையில் குளிர்பெட்டியும் அறையைக் குளிர்விக்கும் ஏர்கோனும் பழுதுபார்க்கக் கற்பிப்போம். இதற்குத் தொழிற்சாலை இசைந்தால் மட்டுமே கையொப்பமிடுவோம் என்றேன். தலைவர் என் பக்கம் திரும்பினார். "கம்பெனி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா, இந்தப் பொம்பளைங்களுக்கு நீங்க வேலை தருவீங்களாம்மா?" என்றார். ஆயினும் என் வேண்டுகோளை அவர்கள் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டார்கள். மறுமொழி இன்னும் வரவில்லை. அவர்கள் மறுத்தால் வகுப்பே இல்லாமற் போகலாம். அப்போது கதவைச் சாத்தியவள் நானாவேன்.

மறுமொழி வரும்வரை கடையை விடவேண்டாம் என்று சொல்ல மாலையில் கலாவைத் தேடிப் போனேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் கடை வாசலில் நின்றிருந்தாள்.

"சொல்லிட்டேன்மா. இந்த மாசத்தோட நின்னுக்கிறேன்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன். வேற பொண்ணையும் பேசி வச்சிட்டாரு" என்றாள். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். பிறகு, "நீங்க எதுக்கும்மா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"சும்மாதான்" என்றேன்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றினேன். அச்சம் தீர்த்தருள் என்று நாள்தோறும் வேண்டுபவள், இன்று அதை வேண்டவில்லை. கலாவை ஒருவர் கைவிட்டால் இன்னொருவர் அழைக்கும் நாள் வரும்வரை, அவள் பொருட்டு நான் கொண்ட இந்நடுக்கம் என்னைவிட்டு நீங்காதிருக்கட்டும் என்றே கேட்டேன். தொழிற்சாலை மறுத்தால், மறுபடியும் குடையை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கவேண்டியவள் நான். நீங்கள் எனக்கு விட்டுச்சென்றது இந்த அச்சம்தான். இருவராய்ச் சுமந்தபோது இதன் கனம் எனக்குத் தெரியவில்லை, அக்கா.