மூன்றாம் காட்சிக்கு ஒரு குடை

மௌலா அலியிலிருந்து
4 ஜூலை 2024

அன்புள்ள சுமலதா,

போனில் பேசினால் கத்துகிறாய், அதனால் எழுதுகிறேன். நாடகத்துக்கு மேடையில் ஒரு சாமானும் வைக்க மாட்டாயாமே! ஏனம்மா, என்னையாவது வைப்பாயா? இத்தனை வருஷம் மேடையில் உனக்குப் புருஷனாக நடித்த உரிமையில் கேட்கிறேன். நாற்காலி போனால் போகட்டும், மூன்றாம் காட்சிக்கு அந்தக் கறுப்புக் குடையை மட்டும் கொடு. என் வீட்டுக்காரி பாமா உன்னை விசாரித்தாள்.

வெங்கட்ரமணன்

கொண்டாப்பூர்
9 ஜூலை

அன்புள்ள வெங்கட் சார்,

நக்கோ, வேண்டவே வேண்டாம்! குடையை வைத்தால் ஜனங்கள் குடையைப் பார்ப்பார்கள். எடுத்துவிட்டால் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். போன தடவை சோபா, ஜன்னல், பூந்தொட்டி என்று மேடையை ஃபர்னிச்சர் கடையாக்கினோமே, நாடகம் யாருக்காவது நினைவிருக்கிறதா? சாக்குச் சொல்லாமல் ஒத்திகைக்கு வாருங்கள்.

சுமலதா

மௌலா அலி
12 ஆகஸ்ட்

சுமலதா,

நேற்று மேடையில் நடந்ததற்கு யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. மூன்றாம் காட்சியில் கையை நீட்டினேன். கையிலும் ஒன்றுமில்லை, வாயிலும் ஒன்றுமில்லை. என் வசனத்தையும் நீயே பேசி முடித்தாய். ஜனங்கள் அதையும் நடிப்பென்று நினைத்துக் கைதட்டினார்கள்.

எனக்கு ஞாபகம் போகிற வியாதி என்று டாக்டர் போன வருஷமே சொல்லிவிட்டார். பாமாவுக்கு மட்டும் தெரியும். சாமானைத் தொட்டால் வசனம் வருகிறது, தொடாவிட்டால் வரவில்லை. வீட்டிலும் சீப்பைக் கண்டால்தான் தலை வாரத் தோன்றுகிறது. உன்னிடம் சொன்னால் வேஷத்தைப் பிடுங்கிவிடுவாயோ என்று பயந்தேன்.

வெங்கட்ரமணன்

கொண்டாப்பூர்
20 அக்டோபர்

அன்புள்ள வெங்கட் சார்,

உங்கள் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதக் கை வரவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குடைக்கடையே வைத்திருப்பேனே! வெற்று மேடையில் உங்கள் மௌனம் அற்புதம் என்று ஒருவர் விமர்சனம் எழுதியிருக்கிறார். படித்துவிட்டு அழுதேன்.

டிசம்பரில் மறுபடி போடுகிறோம். நாற்காலி, மேஜை, குடை, எல்லாம் வைத்தாயிற்று. நானே குடைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் வராமல் திரை விலகாது.

சுமலதா

மௌலா அலி
2 நவம்பர்

அன்புள்ள சுமலதா,

போட்டோ வந்தது. குடையைப் பார்த்ததுமே மூன்றாம் காட்சி முழுக்கக் கடகடவென்று வந்துவிட்டது! பாமாவுக்கு நடித்தே காட்டினேன், ஒரு சொல் பிசகவில்லை. டிசம்பரில் நிச்சயம் வருகிறேன்.

ஒரு வருத்தம். குடைக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பெண் நிற்கிறாளே, உன் வேஷத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டாயா? பாமாவைக் கேட்டால் போட்டோவை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். புது ஆள் போலிருக்கிறது, பாவம், மனம் நோகாமல் சொல்லி அனுப்பிவிடு. உன்னைத் தவிர வேறு யாரோடும் எனக்கு நடிக்க வராது.

வெங்கட்ரமணன்