உன் பெயரில் பற்ற வைத்த பீடி

என் ஆசை அண்ணனுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஓடிவிட்டது. போன வாரம் உனக்குத் தெவசம் கொடுத்தோம். அன்றைக்கு நான் பண்ணிய காரியத்தை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

நான் பீடியை விட்டிருந்தேன், அண்ணே. சிரிக்காதே. உனக்கு வந்த அதே இருமல் எனக்கும் வந்ததும் பயந்துபோய், லோடு வண்டியை ஓரங்கட்டிவிட்டு அருப்புக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். புகையிலையை விட வைக்கவென்றே அங்கே ஓர் அறை இருக்கிறது. எப்போதெல்லாம் பிடிக்கத் தோன்றுகிறது என்று ஒரு அம்மா பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அதற்கென்று உள்ள சுயிங்கம் கொடுத்தார்கள். லேசாக மென்று கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டுமாம். நானோ பொரிகடலை மாதிரி நறநறவென்று மென்று, மல்லாங்கிணறு வரைக்கும் விக்கிக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

"வீட்டுல சொல்லிட்டீங்களா? ஒத்தாசைக்கு ஒரு ஆளு வேணும்" என்றார்கள் அந்த அம்மா. சொல்லிவிட்டேன் என்று புளுகினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. தோற்றுப்போனால் ஊரே சிரிக்குமே! அப்படியே இருபத்து மூன்று நாள் தாக்குப்பிடித்தேன்.

தெவசத்தன்று உன் இலையில் வடை பாயசத்தோடு ஒரு கட்டு பீடியும் வைத்தார்கள். மதினி என்னைத்தான் கூப்பிட்டார்கள். "தம்பி, நீங்களே ஒண்ணைப் பத்த வச்சு வைங்க. அவுகளுக்கு அப்பத்தான் மனசு குளிரும்."

அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் முடியாது என்று எப்படிச் சொல்ல? இழுக்காமல் பீடி பற்றுமா? ஒரே இழுப்புதான். இலையில் வைத்துவிட்டு வெளியே வந்தவன், பெட்டிக்கடையில் ஒரு கட்டு வாங்கி அதைத் தீர்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினேன். எனக்கே சீ என்று போய்விட்டது.

மறுநாள் மதினியிடம் உள்ளதைச் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். "நானே உங்களுக்கு எமனா வந்துட்டேனே தம்பி!" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். அழுகை அடங்கியதும் ஒன்று கேட்டார்கள். "அவுக இருந்தப்பவும் அந்த ரூமு அங்கன இருந்துச்சா?"

நம்ம திருச்சுழியில் ஏறினால் அந்த ஆஸ்பத்திரி ஒரு பஸ் தூரம்தான். இருந்திருக்குமா, அண்ணே? அந்த அம்மாவிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

திரும்ப அந்த ஆஸ்பத்திரி அம்மாவிடமே போய் நின்றேன். "சறுக்குனா என்ன, இன்னைக்கே மறுபடி ஆரம்பிங்க" என்றார்கள். இப்போது மதினிதான் எனக்கு ஒத்தாசை ஆள். லோடு ஏற்றும் நேரம் பார்த்துப் போன் பண்ணி, "வாயில என்ன இருக்கு?" என்று மிரட்டுகிறார்கள். இன்றைக்கு ஐந்தாவது நாள். எல்லோரிடமும் எரிந்து விழுகிறேன். எத்தனை நாளைக்குத் தாங்குவேனோ தெரியவில்லை.

வருகிற அமாவாசைக்கு உன் இலையில் பீடி இருக்காது. நீ ஏங்கிப்போவாயோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. கோபப்படாதே. உனக்கு ஒன்று தர வேண்டுமென்றால் நான் ஒரு இழுப்பு இழுத்தாக வேண்டும். இழுக்க மாட்டேன், அண்ணே. இது சத்தியம்.

உன் பின்னாலேயே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும்
உன் தம்பி,
முருகேசன்