மூன்றாம் மேடும் ஐந்தாம் மேடும்

முட்டைக் கடைக்காரர் இன்று முப்பது முட்டையை அட்டைத் தட்டோடு என் கையில் கொடுத்தார். அந்தக் குழிகளைப் பார்த்ததும் எனக்குக் கார் இன்ஜினின் எட்டு டாப்பெட்டுகள்தான் தெரிந்தன. ஆறு முட்டை போதும், கவரில் போடுங்கள் என்றேன். "தட்டுல என்னம்மா குறை?" என்றார். தட்டில் குறை இல்லை. குறை என்னிடம்தானா என்று கேட்கத்தான் உனக்கு இதை எழுதுகிறேன். பதில் வராது என்று தெரியும். உயிரோடு இருந்தபோதே நீ மெசேஜுக்குப் பதில் போட்டவள் இல்லை.

ஆட்டோமொபைல் டிப்ளமோ வகுப்பில் நாம் இரண்டே பெண்கள், ஒரே பெஞ்ச். நீ ஸ்பானரைத் தேடுவாய், நான் அதை ஒளித்து வைத்திருப்பேன். நம் நட்பின் வேலைப் பங்கீடு அதுதான். உனக்கு இருந்ததோ ஒரே ஆசை. திருக்காட்டுப்பள்ளி வீட்டில் உன் அப்பா வைத்திருந்த பழைய வெள்ளை பத்மினி காரைக் கோயம்புத்தூர் டிராக்கில், பழைய கார்களுக்கான பந்தயத்தில் ஓட்ட வேண்டும். அதற்காக, இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் தண்டைப் பட்டறையில் கொடுத்து, வால்வு இன்னும் அதிகமாகத் திறக்கும்படி எட்டு மேடுகளையும் புதிதாகத் தீட்டி வாங்கி வந்தாய். ஸ்பிரிங்கும் முரட்டு ஸ்பிரிங். ஒவ்வொரு மேட்டின் மேலும் டாப்பெட் என்கிற சின்ன இரும்பு உருளை ஒன்று உட்கார்ந்து ஏறி இறங்க வேண்டும்.

"புதுசாக் கல்யாணம் ஆனவங்க மாதிரிடி," என்றாய். "மொத இருபது நிமிஷம் ஒழுங்காப் பழகிட்டா அப்புறம் காலத்துக்கும் பிரச்சனை இல்ல."

"பழகலன்னா?"

"மேடு பள்ளமாயிடும்."

"நம்ம ஊர் ரோடு மாதிரின்னு சொல்லு."

நீ சிரிக்கவில்லை. மேடுகளில் கறுப்பு கிரீஸை விரலால் பூசினாய். தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகம் சேர்ந்த எண்ணெய்தான் வேண்டும் என்று தஞ்சாவூரில் நான்கு கடை ஏறி இறங்கினாய். ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து இருபது நிமிடம் இரண்டாயிரம் சுற்றுக்குக் கீழே விடாமல் பிடித்தாய். நான் போனில் நேரம் பார்த்து, கிரிக்கெட் வர்ணனை மாதிரி நிமிடத்துக்கு நிமிடம் கத்தினேன். பிறகு எண்ணெயை இறக்கி, ஃபில்டரை அறுத்து விரித்துப் பார்த்தாய். இரும்புத் துகளின் ஒரு மினுக்கம்கூட இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். உனக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் டாப்பெட்டுகளை வெளியே எடுத்து அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, முட்டைத் தட்டில் வரிசையாக வைத்து, குழிக்குக் குழி நம்பர் எழுதினாய். "ஒரு மேட்டோட பழகுனதை இன்னொரு மேட்டுல வெச்சா ஒண்ணை ஒண்ணு தின்னுடும்," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாய்.

மூன்றையும் ஆறையும் மாற்றி வைத்தேன்.

நீ கண்டுபிடிப்பாய், கிரீஸ் துணியை என் முகத்தில் எறிவாய் என்பதுதான் என் கணக்கு. எப்போதும் கண்டுபிடிப்பவள் நீ. அன்று பார்த்து உன் அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். மீன் குழம்பு. நான் முள்ளை உறிஞ்சிக்கொண்டிருந்த நேரத்தில் நீ பசியே இல்லை என்று எல்லாவற்றையும் மாட்டியிருந்தாய். நான் திரும்பி வந்தபோது இன்ஜின் ஹெட்டின் கடைசி நட்டை இறுக்கிக்கொண்டிருந்தாய். சொன்னால் மறுபடி பிரிக்க வேண்டும், புது கேஸ்கெட் வாங்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் வண்டி நன்றாக ஓடியது. ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரத்தில் இன்ஜினிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தது. பிரித்தால், மூன்றாம் மேடும் ஐந்தாம் மேடும் பாதி தேய்ந்திருந்தன. பந்தயத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. "என்ன தப்புப் பண்ணேன்னே தெரியலடி," என்றாய். "நீ ஒண்ணும் பண்ணல," என்றேன். நான் உன்னிடம் சொன்னதிலேயே சுத்தமான உண்மை அதுதான். அந்த வருஷம் போக முடியவில்லை; அடுத்த மழைக்காலத்தில் ஐந்து நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். பந்தயத்தை நீ பார்க்கவே இல்லை.

என் குழப்பம் இதுதான். நான் கைவைத்த ஆறாம் மேடு கல் மாதிரி இருந்தது. நான் தொடாத ஐந்தாம் மேடு தேய்ந்திருந்தது. அப்படியானால் நானா, நான் இல்லையா? பாதி நானா? பாதிக் குற்றம் என்று ஒன்று உண்டா?

போன மாதம் உன் அப்பா கூப்பிட்டார். அதே பட்டறையிலிருந்து வேறு கேம்ஷாஃப்ட் வாங்கி வைத்திருந்தார். மாட்டித் தர முடியுமா என்றார். மாட்டி முடித்ததும், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

"அங்கிள், அன்னைக்கு ரெண்டு டாப்பெட்டை நான்தான் மாத்தி வெச்சேன். விளையாட்டுக்கு."

துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். "எப்ப?"

"மொதத் தடவை ஓட்டிப் பார்த்தோமே, அதுக்கு மறுநாள்."

"அதுக்கு அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பையன் கல்யாணம்மா. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வண்டி கேட்டாங்க. பாப்பா காலேஜ் போயிருந்துச்சு. கோயில்லேர்ந்து மண்டபம் வரைக்கும் பேண்ட் செட்டுக்குப் பின்னாடியே உருட்டிக்கிட்டுப் போனேன். ரெண்டு மணி நேரம்."

எனக்கு உடனே புரிந்தது. அத்தனை மெதுவான சுற்றில் அடியில் சுழலும் கிராங்க் தண்டு எண்ணெயை மேலே வாரி அடிக்காது. முரட்டு ஸ்பிரிங் அழுத்த அழுத்த, மேடுகள் காய்ந்துபோய் உரசியிருக்கும்.

"இன்ஜினை ரொம்ப நேரம் ஐடில்ல ஓட விடக்கூடாதுன்னு பாப்பா செவுத்துலயே எழுதி வெச்சிருந்துச்சு," என்றார். "வண்டி நிக்கலையே, போய்க்கிட்டுதானே இருக்குன்னு நெனச்சுட்டேன்."

"அவகிட்ட சொன்னீங்களா அங்கிள்?"

"நீ சொன்னியாம்மா?"

அவர் ஆக்சிலரேட்டரில் கால் வைத்தார், நான் மீட்டரைப் பார்த்தேன். இருபது நிமிடமும் வர்ணனை இல்லாமல் போயிற்று. இறக்கிய எண்ணெயில் மினுக்கம் இல்லை. உன் அப்பா வடிகட்டிய துணியை வெயிலில் பிடித்து இரண்டு முறை பார்த்தார்.

கிளம்பும்போது ஒரு சாக்கை நீட்டினார். உள்ளே அந்தப் பழைய கேம்ஷாஃப்ட். தேய்ந்த விதத்தைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும், அனுப்புங்கள் என்று பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறாராம். "நான் அனுப்பல. நீயே அனுப்பிடும்மா," என்றார்.

அன்றிலிருந்து அது என் கல்லூரிப் பையில் இருக்கிறது. கூரியர் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயேதான். ஊர்வலம்தான் காரணம் என்று வந்தால் நான் தப்பித்தேன், ஆனால் அதை உன் அப்பாவிடம் யார் போய்ச் சொல்வது? நான்தான் என்று வந்தால் அவராவது நிம்மதியாகத் தூங்குவார். அப்படியே வரட்டும் என்று வெண்ணாற்றுப் பாலம் வரைக்கும் தோன்றுகிறது. பாலம் தாண்டியதும் தோன்றுவதில்லை. உனக்கு ஏதாவது தெரிந்திருந்ததா? தெரிந்துதான் எங்கள் இருவரையும் சும்மா விட்டாயா?

இன்று பஸ்ஸில் கண்டக்டர் வழியை மறித்த என் பையை நகர்த்தப் பார்த்தார். நகரவில்லை. "என்னம்மா வெச்சிருக்க, இந்தக் கனம் கனக்குது?" என்றார். இப்படி யாராவது கேட்டால் வழக்கமாக என்னிடம் பத்துப் பதில் இருக்கும். இன்று பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.