ஓரடிச் சரிவு

14 ஜூலை 2024, ஞாயிறு

அப்பாவின் வண்டி இன்றும் சரிவில் நின்றுவிட்டது.

நாங்கள் செம்பாக்கத்துக்குக் குடிவந்தபோது தெரு எங்கள் வாசலைவிடத் தாழ்வாக இருந்ததாம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, இப்போது தெரு ஓரடி உயரத்தில், வீடு பள்ளத்தில். உள்ளேயிருந்து தெருவுக்கு ஏற ஒரு குட்டையான சிமெண்டுச் சரிவு. வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. பின்பக்கமாக இழுத்துத்தான் ஏற்ற வேண்டும். பழைய நூறு சிசி வண்டியை அப்பா பேசிக்கொண்டே ஏற்றிவிடுவார். ஏப்ரலில் ஓய்வுபெற்றதும் வாங்கிய முந்நூற்றைம்பது சிசி அப்படி வருவதில்லை.

எதிர்வீட்டு ராஜகோபாலன் சார் துண்டோடு வந்து பின்னால் பிடித்து இழுத்தார். “என்ன சார், ஏர்ஃபோர்ஸ்ல சொல்லி ரன்வே போடச் சொல்லலாமா?” அப்பாவும் சேர்ந்து சிரித்தார். சார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு அப்பா சிரிக்கவில்லை.

15 ஜூலை

பழைய வண்டி 110 கிலோ. புதியது 195. அப்பா 62 கிலோ.

3 ஆகஸ்ட், சனி

சாப்பிடும்போது மறுபடி பெரிய வண்டிப் பேச்சு.

அப்பா முப்பத்தோரு வருஷம் மின்வாரியத்தில் ரீடிங் எடுத்தவர். பொழிச்சலூரிலிருந்து மேடவாக்கம்வரை அவர் நிற்காத வாசல் இல்லை. எல்லாம் நூறு சிசி வண்டிகளில். கடைசி வண்டி இன்னும் மாடிப்படிக்குக் கீழே உறை போட்டு நிற்கிறது. ஷோரூமில் அதற்குச் சொன்ன விலையைக் கேட்டு அப்பா கோபித்துக்கொண்டு ஓட்டிவந்துவிட்டார்.

“ஜிஎஸ்டி ரோட்ல பக்கத்துல லாரி போனா அந்தக் காத்துக்கே அது ஆடும், கண்ணு. இதுல லாரிக்காரன் கண்ணாடில பாத்துட்டு ஒதுங்கறான். இத்தன வருஷத்துல எனக்கு ஒருத்தன் ஒதுங்கினதில்ல.”

“லாரி ஒதுங்கறது இருக்கட்டும், நம்ம கேட்டு ஒதுங்க மாட்டேங்குதே” என்றாள் அம்மா. “கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் மாதிரி சத்தம் வேற. பால்காரர் பயந்துபோய் பாக்கெட்ட எறிஞ்சிட்டுப் போறாரு.”

எதைப் பற்றியும் படித்துவிட்டுப் பேசுவது என் குணம். நான் வேலை பார்க்கும் வண்டலூர்க் கல்லூரி நூலகத்தில் மத்தியானம் யாரும் வராத நேரத்தில் ஒரு வாரமாக இதைத்தான் படித்தேன். அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்ட என்ஜினில் மிச்சசக்தி வேண்டும். ஆனால் அப்பா போவது காமராஜபுரம், கேம்ப் ரோடு, மிஞ்சிப்போனால் மேடவாக்கம். நாற்பதுக்கு மேல் போகவே வழியில்லை.

“அங்க உங்க என்ஜின்ல கால்வாசிகூட வேலை செய்யாதுப்பா. எடை மட்டும் முழுசா கூட வரும்” என்றேன்.

நல்ல வாக்கியம். சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது.

21 ஆகஸ்ட், புதன்

கேம்ப் ரோடு சிக்னலில் அப்பா விழுந்துவிட்டார். அடி இல்லை. பச்சை விழுந்ததும் வண்டி ஒரு குதி குதித்து அணைந்து, இடதுபக்கம் சாய்ந்திருக்கிறது. இரண்டு ஆட்டோக்காரர்கள் தூக்கி நிறுத்தினார்களாம். அவர்களில் ஒருவர் பேசியதை அப்பாவே நடித்துக் காட்டினார்: “இன்னா பெருசு, உனுக்கு எதுக்கு இம்மாம் பெரிய வண்டி? வூட்ல ஸ்கூட்டி இல்லியா?”

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான்.

“கிளட்ச்ச எப்பிடி விட்டேன்னே தெரியல” என்றார் அப்பா, யாரிடம் என்றில்லாமல்.

14 செப்டம்பர், சனி

தீனா அண்ணன் பட்டறைக்கு அப்பாவுடன் போனேன். பத்து வருஷமாக எங்கள் வண்டிகளைப் பார்ப்பவர். கிளட்ச் இறுகிப்போயிருக்கிறது, பிடித்தால் கை வலிக்கிறது என்று அப்பா சொல்ல, அவர் கேபிளைக் கழற்றி எண்ணெய் விட்டு மாட்டினார். பிடித்துப் பார்த்தார்.

“வெண்ண மாதிரி கீது சார். இதப் போயி டைட்டுன்றீங்கோ.”

“இல்ல தீனா, இறுக்கமாத்தான் இருக்கு.”

“நீ பாரும்மா ஓவியா.”

நான் பிடித்தேன். வண்டி ஓட்டத் தெரியாத நான். இரண்டு விரலில் வந்தது.

அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டேன். பெரிய வண்டி அவருக்கு ஆகாது என்று இரண்டு மாதமாக வாதாடிவிட்டு, கிளட்ச் லேசாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? என் கட்சிக்கு எதிரான சாட்சி. தீனா அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

2 அக்டோபர், புதன்

விடுமுறை. ஒரு தாளில் இருபக்கமும் எழுதி, கூடத்தில் வைத்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

தினமும் நூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் போகிறவருக்குப் பெரிய என்ஜின் நல்லது. பதறாமல் ஓடும், உடம்பு அலுக்காது. இரண்டு பேராக மலையேறுகிறவருக்கும் நல்லது. கீரை வாங்க நான்கு கிலோமீட்டர் போகிறவருக்கு அது சுமை. ஓடும்போது வண்டி நம்மைச் சுமக்கிறது, நிற்கும்போது நாம்தான் அதைச் சுமக்கிறோம். நம் தெருக்களில் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம்.

முடிக்கும்வரை அப்பா இடது கையை மடியில் வைத்து அதன்மேல் வலது கையை மூடியிருந்தார்.

“நீ படிச்சவ. சரியாத்தான் இருக்கும்.”

11 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜை. அப்பா இரண்டு வண்டிகளையும் கழுவினார். சந்தனம் குழைக்க என்னைக் கூப்பிட்டார். பெரிய வண்டியின் டேங்கில் மூன்று பட்டையாக இழுத்துவிட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார்.

27 அக்டோபர், ஞாயிறு

வண்டி போய்விட்டது. மேடவாக்கம் அடுக்குமாடியில் இருக்கும் ஸ்ரீவத்சன் என்பவர் வாங்கினார். முப்பது வயதிருக்கும், மரியாதையான ஆள். அவர் வருவதற்குள் வண்டியைத் திருப்பி நிறுத்த அப்பாவும் ராஜகோபாலன் சாரும் அரைமணி நேரம் போராடினார்கள். ஸ்ரீவத்சன் உட்கார்ந்து உதைக்காமலேயே பொத்தானில் கிளப்பி, சரிவை ஒரே மூச்சில் ஏறிவிட்டார். ஒன்றுமே இல்லாத மாதிரி.

தெருமுனை திரும்பும்வரை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

“திண்டிவனம்வரைக்கும் ஒரு தடவ போய்ட்டு வரணும்னு இருந்தேன். பரவால்ல.”

28 அக்டோபர்

வாதத்தில் ஜெயித்தேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இருக்கிறதா?

3 நவம்பர்

பழைய வண்டிக்கு உறை நீக்கியாயிற்று. அம்மா அதற்குத் திருஷ்டி கழித்தாள்.

24 நவம்பர், ஞாயிறு

காலை ஒன்பது மணி இருக்கும். என் ஜன்னலிலிருந்து சரிவு தெரியும். பெரிய வண்டி போனதில் கிடைத்த இடத்தில் நூறு சிசியைத் தெருப்பக்கம் திருப்பி, அப்பா அதில் உட்கார்ந்திருந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இடது கை கிளட்ச்சின் மேல் இருந்தது. விரல்கள் மடங்கின. கிளட்ச் வரவில்லை.

மறுபடி. வரவில்லை.

அப்புறம் அவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து வலது கையை எடுத்து, குறுக்கே கொண்டுவந்து, இடது கையோடு சேர்த்து அழுத்தினார். இரண்டு கையாலும். அதே நிலையில் கியரை மிதித்தார். வலது கை திரும்பிப் போவதற்குள் கிளட்ச் விட்டுப்போய் வண்டி பாய்ந்து சரிவில் விழுந்தது.

நூற்றுப்பத்து கிலோ. அந்தச் சின்ன வண்டி.

அப்பா எழுந்தார். வண்டியைப் பார்க்கவில்லை. யாராவது பார்த்தார்களா என்று பார்த்தார் — எதிர்வீடு, தெரு, அப்புறம் என் ஜன்னல். நான் திரைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். ஏன் ஓடிப்போய்த் தூக்கவில்லை? தெரியவில்லை.

மாலையில் தீனா அண்ணன் வந்து வளைந்துபோன லீவரை மாற்றினார். அப்பா உள்ளே போனதும் மெதுவாகச் சொன்னார்: “வண்டில ஒண்ணியும் இல்லம்மா. அன்னிக்கே எனுக்கு டவுட்டுதான். சாரு கையப் பாரு. டாக்டர்கிட்ட இட்டுனு போ.”

போய்ப் பார்த்தேன். அப்பா டிவி முன்னால் தூங்கிக்கொண்டிருந்தார். இடது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதையே இல்லை. பள்ளம். தினமும் எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதர்.

9 டிசம்பர், திங்கள்

டாக்டரம்மா தன் இரண்டு விரலை நீட்டி, “இதை இறுக்கிப் பிடிங்க சார்” என்றார். அப்பா வலது கையால் பிடித்தார். இடது கையால் பிடித்தார். டாக்டரம்மா எழுதிக்கொண்டே, “இன்னும் இறுக்கமா” என்றார்.

“இறுக்கமாத்தான் பிடிச்சிருக்கேன் மேடம்.”

அவர் எழுதுவதை நிறுத்தினார். அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். அப்பாவின் தோளில், சட்டையைக் கழற்றியபோது, தோலுக்குக் கீழே சதை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. நிறையப் பரிசோதனைகள் எழுதிக் கொடுத்தார்.

20 டிசம்பர், வெள்ளி

நரம்பிலிருந்து சதைக்குப் போகிற செய்தி கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோகிற நோய். கையில் தொடங்கியிருக்கிறது. காலுக்கு வரும். பிறகு விழுங்குவது, பேசுவது, மூச்சு. குணப்படுத்த மருந்து இல்லை, மெதுவாக்கப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதைப் பற்றியும் படிக்க ஆரம்பித்துவிடுவேன்.

“வண்டி ஓட்டலாமா மேடம்?” அப்பா கேட்ட ஒரே கேள்வி.

ஆட்டோவில் திரும்பி வரும்போது, எப்போதிலிருந்து கை இப்படி இருக்கிறது என்று கேட்டேன். சானடோரியம் தாண்டிய பிறகுதான் சொன்னார்.

“போன பிப்ரவரில இருந்து. ரீடிங் எடுக்கப் போறப்ப பழைய வண்டில கிளட்ச் பிடிக்க முடியாது. வண்டிதான் போச்சு, பதினாலு வருஷ வண்டியாச்சேன்னு நெனச்சேன். புதுசு, பெருசா வாங்கினா எல்லாம் சரியாயிடும்னு பாத்தேன். இதுலயும் வரல. நீ எடை எடைன்னு சொன்னியா... சரி, அதுதான் போலன்னு நானும் நெனச்சுட்டேன். எனக்கும் அது நிம்மதியாத்தான் இருந்துச்சு கண்ணு.”

21 டிசம்பர்

ஏன் சொல்லல? ஏன் சொல்லல நீ, ஓவியா? ரெண்டு விரல்ல வந்துச்சே. உன் முகத்ததான பாத்துக்கிட்டு நின்னாரு. “லேசா இருக்கேப்பா” — ரெண்டு வார்த்த. அதச் சொல்லியிருந்தா செப்டம்பர்லயே...

செப்டம்பரில் தெரிந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கேட்டேன், வெளியே வந்து, மறுபடி தனியாக உள்ளே போய்க் கேட்டேன்.

மாறியிருக்காதா? யாரையாவது ஓட்டச் சொல்லி, பின்னால் உட்கார்ந்தாவது திண்டிவனம் போய்வந்திருக்கலாம் அல்லவா. லாரிகள் ஒதுங்கியிருக்கும். தனக்கு ஒருத்தன் ஒதுங்கினதில்லை என்றாரே. எத்தனை மாதம் அந்த வண்டி அவரிடம் இருந்தது? ஆறு. அதில் நான்கு மாதம் எடையைப் பற்றியே பேசினேன். அவர் அதில் போகும்போது முகம் எப்படி இருந்தது என்று ஒருநாள்கூட இந்த நோட்டில் எழுதவில்லை.

22 டிசம்பர்

இரண்டு பக்கம் எழுதிய அந்தத் தாளைத் தேடினேன். அப்பா அதை மடித்து, புது வண்டி வாங்கிய ரசீதுகளோடு வைத்திருந்தார். அதில் தவறே இல்லை. ஒவ்வொரு எண்ணும் சரி.

19 ஜனவரி 2025, ஞாயிறு

பழைய வண்டியைத் தீனா அண்ணன் எடுத்துப்போனார். “சாரு எப்ப கேட்டாலும் இட்டாந்து நிறுத்திடறேன்” என்றார். அப்பா தலையாட்டினார். அம்மா சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. குக்கர் விசில் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

16 பிப்ரவரி

இடது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வருகிறது. அப்பா செருப்பைக் குறை சொல்கிறார். நான் புதுச் செருப்பு வாங்கிவந்தேன்.

9 மார்ச், ஞாயிறு

சரிவை உடைத்துப் புதிதாகப் போட்டாயிற்று.

கொத்தனார் அரிகிருஷ்ணன் காலையிலேயே ரசமட்டத்தோடு வந்துவிட்டார். தெருவையும் உள்தரையையும் அளந்து பார்த்து, “எந்த வண்டிக்கும்மா? பெரிய வண்டியா, சின்ன வண்டியா? சொன்னாத்தான் அதுக்கேத்த மாதிரி வாட்டம் குடுக்க முடியும்” என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

வாசல் நாற்காலியிலிருந்து அப்பாதான் சொன்னார். “சின்ன வண்டிதாம்பா. ரெண்டு பெரிய சக்கரம், முன்னால ரெண்டு சின்ன சக்கரம். என்ஜின் கெடையாது. பொண்ணுதான் தள்ளணும்.” பிறகு என்னைப் பார்த்தார். “எடை கம்மி.”

அரிகிருஷ்ணன் அவர் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்றார். அவ்வளவு இடம் ஒரு பக்கம்தான் இருந்தது: பெரிய வண்டி நின்ற இடம். தரையில் இன்னும் எண்ணெய்க்கறை இருந்தது. அதன்மேல் கலவையைக் கொட்டி இழுத்தார்கள்.

நாலு நாள் யாரும் மிதிக்கக் கூடாது, காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் குழாயை எடுத்தேன். அப்பா கையை நீட்டினார். கொடுத்தேன்.

வலது கையால்தான். குழாயின் வாயைக் கட்டைவிரலால் லேசாக மூடி, மேலேயிருந்து கீழே, சிமெண்டு கரையாமல், ஓர் இடம் விடாமல் நனைத்தார்.