தோளில் நாலு விரல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், அப்படி எழுதினால்தானே கடிதம் தொடங்கும், அதனால் எழுதிவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். போனில் அனுப்பாமல் ஏன் காகிதம் என்று கேட்பாய். போனில் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய், இதையாவது உட்கார்ந்து படி.

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்கிறார். அப்பாவுக்கு வலது காலைக் கொஞ்சம் ஊன்ற வருகிறது, வாய்க்கோணல் மட்டும் அப்படியேதான் இருக்கிறது, பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆயிற்று, இனி இவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ வந்திருந்த நாலு நாளில் எனக்குப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுத்தாயே, எல்லாம் நினைவிருக்கிறது. லென்சைத் துணியால் துடை, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழட்டும், தூரத்திலிருந்து பெரிதாக்காதே கிட்டே போ, பின்னால் குப்பை தெரியக் கூடாது. குப்பை என்று நீ அப்பாவின் வாக்கரையும் மாத்திரை டப்பாவையும் கதவுக்குப் பின்னால் தள்ளினாய். அப்போதே எனக்குச் சுருக்கென்றது, பிள்ளை அப்பாவோடு ஆசையாக எடுக்கச் சொல்கிறாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

போன வாரம் மாடிவீட்டு நர்ஸ் வந்து, உங்க பொண்ணு போட்ட படம் ரொம்ப நல்லாயிருக்கு, தோள்ல யாரோட கைன்னுதான் தெரியல என்று போனை நீட்டினாள். "பிறந்த வீட்டில்" என்று எழுதிவிட்டு நீ சிரித்துக்கொண்டு நிற்கிறாய். உன் தோளில் நாலு விரல், ஆளைக் காணோம். ஆள்காட்டி விரலில் நகம் இல்லை, நீ பிறந்த வருஷம் லேத் பட்டறையில் போனது. எனக்கா தெரியாது யார் கை என்று? நான் மறைப்பதற்குள் அப்பா எட்டிப் பார்த்துவிட்டார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குழறிக் குழறி, வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு, என் மூஞ்சி இருந்தா படம் கெட்டுப்போயிருக்கும், பிள்ளை சரியாத்தான் செஞ்சிருக்கா என்றார். அவர் உனக்குப் பரிந்து பேசியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிட்டபோது அப்பா தூங்குகிறார் என்றேனே, பொய். எதிரில்தான் உட்கார்ந்திருந்தார், போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு வேண்டாம் என்று தலையாட்டினார். நோய் வந்த நாளிலிருந்து அவர் யாரிடமும் முகத்தை மறைத்ததில்லை, பால்காரரிடம்கூட வாசலில் நின்று பேசுவார். பெற்ற பெண்ணிடம் மறைக்கிறார். நீ படத்தை வெட்டியபோது இது உனக்குத் தோன்றவே இல்லையா?

நேற்றுக் காலை கெஞ்சிக் கூத்தாடி அவரை ஜன்னலருகே உட்காரவைத்து நானே ஒரு படம் எடுத்தேன். லென்சைத் துடைத்தேன், கிட்டே போனேன், எல்லாம் நீ சொன்னபடிதான், வாக்கரை மட்டும் நகர்த்தவில்லை. கடையில் பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஊர் பார்க்கப் போட வேண்டாம், நீ பார்த்தால் போதும். வேளாவேளைக்குச் சாப்பிடு, கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. எவ்வளவு கோபம் இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் மனசு சொல்கிறது, இரண்டு பேரும் குறைவில்லாமல் வாழுங்கள். அடுத்த முறை கூப்பிடும்போது அப்பா எங்கே என்று அவர் காதில் விழும்படி கேள். படத்தின் ஓரத்தில் மங்கலாக இருப்பது என் விரல், தெரியாமல் விழுந்துவிட்டது. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அதை வெட்டிக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா