பின்கட்டுக்காரனைக் கிளப்பிய விதம்

திருவண்ணாமலை
12-3-1979

அன்பு மகன் சகாதேவனுக்கு அம்மா ரேணுகாம்பாள் ஆசீர்வதித்து எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், பிலாய்க் குளிரில் பிடித்த இருமல் உனக்கு விட்டதா என்று எழுது. பின்கட்டில் குடியிருந்த கண்ணாயிரத்தைச் சண்டையில்லாமல் அனுப்பிவிடு என்று முன்பு எழுதியிருந்தாய், எனக்கு மனசு வரவில்லை, முடிவு தெரிந்தபின் சொல்லலாம் என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை. கற்பூர வியாபாரி என்று குடிவந்தவன் நம் வீட்டில் கள்ளச்சாராயம் விற்றான், போலீஸ் வந்தபோது "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, எல்லாம் வூட்டுக்காரரு சரக்கு" என்று கூசாமல் அப்பாவைக் கைகாட்டினான். ஊருக்கே பாடம் சொன்ன வாத்தியாரைச் சட்டைகூடப் போடவிடாமல் தேரடித் தெரு வழியாக நடத்திப் போனார்கள், அகப்பட்டது ஒரு காலி டின்தான் என்பதால் சாயங்காலம் விட்டார்கள், ஆனால் அப்பா அப்புறம் வாசலைத் தாண்டவில்லை. இவன் மூட்டை கட்டிக்கொண்டு சும்மா போகக்கூடாது, விலங்கோடு போகவேண்டும் என்று அன்றே தீர்மானித்தேன்.

அவனிடம் முகம் கோணாமல் பேசினேன், குழம்புகூடக் கொடுத்தனுப்பினேன். கார்த்திகை தீபத்துக்குச் சில நாள் முன்னால் அவன் பெண்சாதி சரசு அடிவாங்கி வீங்கின முகத்தோடு கிணற்றடிக்கு வந்து, "தீபத்துக்கு ஜாஸ்தியா சரக்கு வருதும்மா, குளிக்கிற ரூம்ல குழி தோண்டி வெச்சிருக்கான்" என்று அழுதாள். தீபத்தன்று காலையில் அவளையும் பிள்ளைகளையும் நம் பக்கம் அழைத்துக்கொண்டு, அவன் உள்ளே சரக்கை இறக்கிக்கொண்டிருக்கும்போது வெளியே பூட்டுப் போட்டேன். அப்பாவுக்கு இஸ்திரி போட்ட சட்டையைக் கொடுத்து நீங்களே ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லுங்கள் என்றேன், அதே தெரு வழியாகப் போனார். கண்ணாயிரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "அக்கா, தொறங்க, இப்பவே காலி பண்ணிடறேன், உங்க கால்ல வுழறேன்" என்று கதறினான், நான் எதிரே உட்கார்ந்து முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தீபம் பார்க்க வந்த கூட்டமெல்லாம் நின்று பார்க்க அவனை இழுத்துப் போனார்கள், துளிகூட இரக்கம் வரவில்லை, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

பின்கட்டை சரசு பெயருக்கே வாடகைக்கு விட்டுவிட்டேன், இட்லி சுட்டு விற்கிறாள். போன வாரம் ஜெயிலிலிருந்து வந்தவன் வாசலில் நின்று கூப்பிட்டான், அவள் கரண்டியும் கையுமாக வந்து, "இங்க வூடு காலியில்ல, வேற எடம் பாத்துக்க" என்று கதவைச் சாத்தினாள். ரொம்ப நாளைக்கப்புறம் அன்று அப்பா சிரித்தார்.

நீ நோயில்லாமல் நீண்டநாள் இருக்கவேண்டும், வெந்நீர் குடி. கண்ணாயிரத்துக்காக இரக்கப்பட்டு மட்டும் எழுதாதே, படிக்கமாட்டேன்.

உன் அம்மா,
ச. ரேணுகாம்பாள்