சர்க்கரை திரும்பி வந்த கடை

1952 ஜனவரி 12, சனி

இன்று கடையின் நீள மேசையை அறுத்து எடுத்தார்கள். இரண்டு தச்சர்கள், ஒரு ரம்பம், நான்கு மணி நேரம். மேசைக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் சாமான், நடுவில் அம்மாவும் மைக்கென் அக்காவும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான். இருபது வருடமாக அங்கே நின்று மாவு நிறுத்தவர் மைக்கென் அக்கா. ரம்பம் ஓட ஆரம்பித்ததும் பின்னறைக்குப் போய் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

இனி சாமானெல்லாம் முன்பே எடைபோட்டுக் கட்டித் தட்டுகளில் இருக்கும். வருகிறவர்கள் கூடையை எடுத்துக்கொண்டு, வேண்டியதைத் தாங்களே எடுத்து, வாசலருகே கல்லாவில் காட்டிவிட்டுப் போகலாம். ஸ்டாக்ஹோமில் பயிற்சி எடுத்து வந்த அம்மா, இதற்காகக் கூட்டுறவுக் கமிட்டியோடு ஒரு வருடம் மல்லுக்கட்டினாள்.

கமிட்டித் தலைவர் எலோஃப், மர ஆலையில் மேஸ்திரி. அறுத்த மேசைத் துண்டுகளைத் தன் கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறார். அம்மாவிடம் சொன்னார்: "ஏப்ரல்ல பொதுக்கூட்டம் இருக்கு, குன்வோர். உறுப்பினருங்க வேணாம்னு கை தூக்கினா மேசை திரும்பி வரும். கடையைப் பாத்துக்கவும் வேற ஆளு வரும்."

கடையைப் பார்த்துக்கொள்கிறவருக்குத்தான் மாடி வீடு. அந்த மாடி வீட்டில், என் ஜன்னலோரத்தில், உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

ஜனவரி 21, திங்கள்

திறப்பு நாள். பள்ளிக்கு மதியம் வரை விடுப்பு வாங்கி, மாடிப்படியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். அம்மாவின் பயிற்சிப் புத்தகத்தின் நான்காம் பக்கம்: "வாடிக்கையாளர் சுதந்திரமாக உலவுவார்."

ஒருவரும் உலவவில்லை. உள்ளே வந்த பதினோரு பேரும் மேசை இருந்த இடத்துக்கு நேராகப் போய், இல்லாத மேசைக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். பழக்கதோஷத்தில் மைக்கென் அக்காவும் எதிரே போய் நின்றுவிட்டார். நடுவே வெறும் தரை. இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

அம்மா ஒவ்வொருவர் கையிலும் கூடையைக் கொடுத்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் மனைவி டோர்போர்க் அம்மா அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்.

"இது எதுக்கு? நான் என்ன காட்டுல காளான் பறிக்கவா வந்திருக்கேன்?"

"உங்களுக்குப் பிடிச்சதை நீங்களே எடுத்துக்கலாம்மா."

"அப்போ உனக்கு எதுக்குச் சம்பளம்?"

சிரிப்பு. அம்மாவும் சிரித்தாள். ஆனால் அம்மாவின் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

ஜனவரி 22, செவ்வாய்

இன்று எல்லோரும் கூடை எடுத்தார்கள். அதில் எதையும் வைக்கவில்லை.

பிப்ரவரி 2, சனி

அப்பா காட்டு வேலையிலிருந்து வந்தார். காப்பி கேட்டார். அம்மா அசையவில்லை. "ஓ, இங்கயும் நானேதான் எடுத்துக்கணுமா? கூடை எங்க?" என்றார். அம்மா கரண்டியை வீசினாள். குறிபார்த்து வீசவில்லை.

கடையில் நிலைமை சிரிக்கும்படி இல்லை. வருகிறவர்கள் மைக்கென் அக்காவின் காதில் ரகசியமாகச் சொல்கிறார்கள். அவர் ஓடி ஓடி எடுத்துக் கொடுக்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை மைல் நடக்கிறார் என்று கணக்கிடப் பார்த்தேன். பாதியில் என்னைத் துரத்திவிட்டார்.

எனக்கு ஒன்று புரியவில்லை. பட்டாணி டின்களை அம்மா கோபுரமாக அடுக்கியிருக்கிறாள், அவ்வளவு அழகு. ஒன்றுகூடப் போகவில்லை. இன்னொரு தட்டில் ஈஸ்ட் கட்டி ஒன்றே ஒன்று மிஞ்சி மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறது. இருக்கிற ஒன்றை விட்டுவிட்டு "ஈஸ்ட் இல்லையா?" என்று கேட்கிறார்கள். ஏன்?

பிப்ரவரி 9, சனி

கண்டுபிடித்துவிட்டேன்!!

டோர்போர்க் அம்மா வீட்டில் காப்பி விருந்து. அம்மாவோடு நானும் போனேன். ஏழு வகைப் பலகாரம், எல்லாம் வட்டவட்டமாக அடுக்கியபடி. வீட்டுக்காரி மூன்று முறை வற்புறுத்தும் வரை யாரும் தட்டைத் தொடவில்லை. முதலில் கை வைக்கிறவள் பேராசைக்காரி ஆகிவிடுவாளே! பிறகு எல்லாம் ஓடிற்று. கடைசியில் ஒரே ஒரு திராட்சை பன் மிஞ்சியது. பாதிரியார் மனைவி அதில் பாதியை வெட்டி எடுத்தார். தபால் ஆபீஸ் அம்மாள் மீதியில் பாதி. இன்னொருவர் அதில் பாதி. கட்டைவிரல் நகம் அளவுக்கு வந்ததும் யாரும் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. டோர்போர்க் அம்மா அந்தத் துணுக்கைத் தட்டோடு சமையலறைக்குத் தூக்கிப் போனார்.

நான் கத்தியே இருப்பேன். பட்டாணி! ஈஸ்ட்! முதலாவதை எடுக்கக் கூச்சம், கடைசியை எடுக்க அதைவிடக் கூச்சம். ஊரே கடைக்குள் விருந்தாளியாக நிற்கிறது!

பிப்ரவரி 10, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். பயிற்சிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினாள். பிறகு, "ஸ்டாக்ஹோம்ல இதை ஒருத்தரும் சொல்லலையேடி," என்றாள்.

இருவரும் கீழே போனோம். கோபுரத்தின் உச்சியிலிருந்து இரண்டு டின்களை நான் எடுத்துவிட்டேன், யாரோ முன்பே வாங்கியது போல. எந்தத் தட்டிலும் மூன்றுக்குக் கீழே குறைய விடுவதில்லை என்று முடிவு.

பிப்ரவரி 13, புதன்

கோபுரம் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது! மைக்கென் அக்கா இன்று உட்கார்ந்து காப்பி குடித்தார்.

பிப்ரவரி 22, வெள்ளி

நான் ஒரு முட்டாள். முட்டாள். முட்டாள்.

அம்மா நேற்று மாலையே மொத்தக் கொள்முதலுக்குப் போயிருந்தாள். இரண்டு டின்னுக்கே இவ்வளவு பலன் என்றால், எல்லாத் தட்டிலும் செய்தால்? காலையில் பள்ளிக்குப் போகும் முன் சர்க்கரையில் பாதி, காப்பியில் பாதி, மாவில் பாதி, எல்லாவற்றையும் பின்னறைக்குக் கொண்டுபோய்ப் போர்வையால் மூடினேன். மைக்கென் அக்காவிடம் சொல்லவும் இல்லை. எவ்வளவு பெருமையாகப் பள்ளிக்குப் போனேன்!

காப்பிக்கு ரேஷனை நீக்கியது போன கோடையில்தான். அது எனக்கு ஏன் நினைவு வரவில்லை? பாதி காலியான தட்டைப் பார்த்ததும் முதலில் வந்த அம்மாள், "மறுபடியுமா?" என்றாராம். அவ்வளவுதான். ஒன்பது மணிக்குள் கொரியாப் போர் இங்கே வந்துவிட்டதாகப் பேச்சு. யாருக்கும் முதல், கடைசி என்ற கூச்சமே இல்லையாம். கூடை போதாமல் ஏப்ரன், தொப்பி, ஒருவர் குழந்தை வண்டி — குழந்தையை மைக்கென் அக்கா கையில் கொடுத்துவிட்டு! டோர்போர்க் அம்மா மட்டும் பதினாலு கிலோ சர்க்கரை.

நான் திரும்பி வந்தபோது கடையில் மிஞ்சியது கடுகும் ஷூ பாலீஷும்.

"போர்வைக்குக் கீழ என்னடி?" என்று மாலை திரும்பி வந்த அம்மா கேட்டாள். சொன்னேன். அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 23, சனி

எலோஃப் வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.

"சாமானை ஒளிச்சு வச்சு, ஊரைப் பயமுறுத்தி வித்திருக்கீங்க. இதுதான் ஸ்டாக்ஹோம்ல சொல்லிக் குடுத்தாங்களா?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் காலை மிதித்தாள்.

"என் கடை, என் பொறுப்பு. கூட்டத்துல பேசிக்கலாம்," என்றாள்.

அவர் போன பிறகு, "ஏன் என்னைச் சொல்ல விடலை?" என்று அழுதேன். "பதிமூணு வயசுப் பொண்ணு மேல பழியைப் போட்டுட்டு இந்த மாடியில உக்காந்து என்னால சாப்பிட முடியாது," என்றாள். அம்மா அப்படிச் சொன்னதால் எனக்கும் இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

போரும் வரவில்லை, ரேஷனும் வரவில்லை.

ஒரு விசித்திரம். நேற்று மாலை சர்க்கரைத் தட்டில் பன்னிரண்டு பொட்டலம். எண்ணிவிட்டுத்தான் போனேன். இன்று மதியம் பதினைந்து. யாரும் அடுக்கவில்லை என்கிறார் மைக்கென் அக்கா.

மார்ச் 8, சனி

படியிலிருந்து பார்த்தேன். டோர்போர்க் அம்மா கனத்த பையோடு உள்ளே வந்தார். தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சர்க்கரைத் தட்டருகே நின்றார். இடது, வலது பார்த்தார். பைக்குள் கை போனது, தட்டுக்குப் போனது, மறுபடி பைக்கு. பிறகு ஒரு தீப்பெட்டி மட்டும் வாங்கிக்கொண்டு, நிமிர்ந்த தோளோடு போனார்.

ஓடிப் போய், "அம்மா! டோர்போர்க் அம்மா திருடுறாங்க, தலைகீழா!" என்றேன்.

அம்மா என் வாயைப் பொத்தினாள். சிரிப்பு அவளுக்கும் வந்தது. அடக்கிக்கொண்டாள். "சண்டைக் காலத்துல வீடு வீடாப் போயி, பதுக்கி வைக்கிறவங்க நாட்டுக்கே துரோகின்னு பேசினவங்க அவங்க. இப்போ பதினாலு கிலோவை வச்சுக்கிட்டு எப்படித் தூங்குவாங்க? நீ எதையும் பாக்கலை."

"அந்தச் சர்க்கரையை மறுபடியும் விப்போமா?"

"ஒரே சாமானை ரெண்டு தரம் விக்கிறதா? ஒருநாளும் கிடையாது. தனியா எடுத்து வை. யாரோடதுன்னு எங்கயும் எழுதாத."

மார்ச் 19, புதன்

டோர்போர்க் அம்மா மட்டும் இல்லை! தபால் ஆபீஸ் அம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்தார். பாதிரியார் மனைவி கோட்டுக்குள்ளிருந்து மாவு எடுத்தார். இன்று மாவுத் தட்டருகே இருவர் சந்தித்துக்கொண்டார்கள். இருவர் பையும் கனம். கால் மணி நேரம் வானிலை பேசினார்கள். யாரும் நகரவில்லை.

பழைய மேசை இருந்திருந்தால் இது நடக்குமா? ஊரே பார்க்க, "இந்தாம்மா, பயத்துல வாங்கிட்டேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பயிற்சிப் புத்தகத்தில் இந்தப் பயன் எழுதப்படவில்லை.

ஏப்ரல் 19, சனி

நாளை கூட்டம். பின்னறையில் சேர்ந்த சர்க்கரை, மாவு, காப்பி எல்லாவற்றையும் அம்மா மாடிக்குக் கொண்டுவந்தாள். "இது ஊரோடது. ஊரே சாப்பிடட்டும்." அம்மா பிசைய, மைக்கென் அக்கா உருட்ட, அப்பா அடுப்பைப் பார்த்துக்கொண்டார். நூற்றுச் சொச்சம் பேருக்கு. அப்பா ருசி பார்ப்பதற்கென்றே ஒரு தட்டை ஒதுக்கிக்கொண்டார்.

என் அறையிலிருந்து புத்தகங்களை ஒரு பெட்டியில் அடுக்கினேன். ஒருவேளை போக வேண்டியிருந்தால். பிறகு வெளியே எடுத்தேன். பிறகு மறுபடி அடுக்கினேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. நாளை நான் பேசப்போகிறேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் காப்பி, பலகாரம். "இவ்வளவு சர்க்கரை ஏது, குன்வோர்?" என்று எலோஃப் கேட்டார். மண்டபத்தில் பாதிப் பேர் அந்த நேரம் பார்த்துக் குனிந்து கோப்பைக்குள் பார்த்தார்கள். "பின்னறையில இருந்துச்சு," என்றாள் அம்மா.

பிறகு எலோஃப் எழுந்து, நிர்வாகி சாமானை ஒளித்துப் பீதியைக் கிளப்பியதாகச் சொன்னார். அம்மா எழுவதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"நான்தான் ஒளிச்சேன். அம்மா ஊர்லயே இல்லை."

"எதுக்கும்மா இப்படிப் பண்ணே?" என்றார் எலோஃப்.

ஏனென்றால் நீங்கள் யாரும் முதலாவதையும் எடுப்பதில்லை, கடைசியையும் எடுப்பதில்லை — பட்டாணிக் கோபுரம், மூன்று நாள் ஈஸ்ட், நகமளவு பன், எல்லாவற்றையும் சொன்னேன். குரல் கீச்சென்று போயிற்று. பின்வரிசையில் யாரோ தும்மல் மாதிரி ஒன்றைப் போட்டார்கள். அது சிரிப்பு. பிறகு எல்லாப் பக்கமும் சிரிப்பு. பாதிரியார் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டோர்போர்க் அம்மா எழுந்தார். சிரிப்பு நின்றது. அவர் எதிர்த்துப் பேச ஒரு முழுத் தாள் எழுதி வைத்திருப்பது ஊருக்கே தெரியும். தாள் கையில்தான் இருந்தது. அதை நான்காக மடித்தார்.

"ஒன்றரை மாசமா குன்வோருக்கு ஒரு விஷயம் தெரியும். என்னைப் பத்தி. இந்தப் பலகாரத்தைப் பாத்ததும்தான் எனக்கே அது புரிஞ்சுது. ஒரு வார்த்தை யாருகிட்டயும் சொல்லலை. மேசைக்கு அந்தப் பக்கம் நிக்கிறவ எவளா இருந்தாலும் சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிருக்கும்." மூச்சு வாங்கினார். "மேசை திரும்ப வேணுங்கிறவங்க கையைத் தூக்குங்க. யாரு யாரு தூக்குறீங்கன்னு நான் பாத்துக்கிறேன்."

கூட்டத் தலைவர் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டார். எலோஃபின் கை மட்டும் பாதி எழுந்தது. சுற்றிலும் பார்த்தார். அந்தக் கையால் காதைச் சொறிந்துகொண்டார்.

ஏப்ரல் 21, திங்கள்

அம்மா கடையைத் திறக்கப் போகும்போது என் அறை வாசலில் நின்று, "இன்னொரு தரம் என்னைக் கேக்காம ஒரு டின்னைத் தொட்டே..." என்றாள். வாக்கியத்தை முடிக்கவில்லை. பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 14, சனி

டோர்போர்க் அம்மா கோடைத் தொப்பியோடு, மூச்சிரைக்க உள்ளே வந்தார். பக்கத்து ஊரில் தங்கையைப் பார்க்கப் போனவர், ஈஸ்ட் வாங்க அங்கேயுள்ள கடைக்குப் போயிருக்கிறார். அங்கே இன்னும் நீள மேசைதான். இவர் பாட்டுக்கு அதைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய், அலமாரியைத் திறந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

"அந்தப் பொண்ணு கத்துறா பாரு! என் கையைப் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வந்து நிறுத்துறா, குன்வோர்! என்னை! ஒரு மனுஷி தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கக் கூடாதாம். என்ன மாதிரி ஊரு அது?"

"அடடா," என்றாள் அம்மா. கடுகு பாட்டில்களின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

மைக்கென் அக்கா பாவம் பார்த்து எழுந்து, "ஈஸ்ட்தானேம்மா? இருங்க, நான் எடுத்துத் தரேன்," என்றார்.

"நீ உக்காரு," என்றார் டோர்போர்க் அம்மா, கூடையை மாட்டிக்கொண்டு. "எதை எங்க வச்சிருக்கேன்னு எனக்குத் தெரியும்."